செட்டிநாட்டு வீடுகளின் தளத்தடி நீரும் அதைத் தேடுவோரும்

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் செட்டிநாட்டு ஊர்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1940கள் வரை நகரத்தார் எழுப்பிய பெருவீடுகள், வானம் பார்த்த நிலத்தில் எழுந்தவை என்பதால், கூரையில் விழும் மழையை வீணாக்காமல் ஊருணிக்குக் கொண்டுசேர்க்கும் எண்ணத்தோடு திட்டமிடப்பட்டவை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என ஒன்றன்பின் ஒன்றாக நீளும் கட்டுகளில், ஓட்டுக் கூரையின் நீர் நடுமுற்றத்தில் விழுந்து, முற்றத்தின் மூலையில் உள்ள துளைவழியே சலதாரைக்குள், அதாவது செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டித் தளத்துக்கடியில் மூடிச் செல்லும் வாய்க்காலுக்குள், இறங்கித் தெருவை அடைகிறது. இவ்வீடுகளின் தரைக்கடியில் நீர் ஓடுவது கட்டியவர்களின் கருத்துப்படியே நிகழ்வதாகும்; நூறாண்டுக்குப் பிறகு அந்த நீர் தன் வழியை விட்டு விலகும்போது, எங்கே விலகியது என்று கண்டறிவது கொத்தனாருக்கும் குழாய்ப் பணியாளருக்கும் உரிய ஒரு நுட்பமான தொழிலாகிறது. அத்தொழிலுக்குத் தனிப் பெயரும் இல்லை, தனிக் கூலியும் இல்லை.

ஈரம் முதலில் தன்னைக் காட்டிக்கொள்வது ஆத்தங்குடிக் கல்லின் மேல்தான். கண்ணாடிப் பலகையின் மீது வண்ணச் சிமெண்ட் கரைசலை அச்சுக்குள் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்தே பதப்படுத்தும் இக்கல், நுண்துளைகள் உடையது. அடியில் ஈரம் தேங்கினால் அது கல்லின் உடலுக்குள் ஊடுருவி மேலேறி, மேற்பரப்பில் ஆவியாகும்போது தான் கரைத்துக்கொண்டுவந்த உப்பை அங்கேயே விட்டுச் செல்கிறது. வெண்பொடியாகப் படியும் இதையே ‘உப்புப் பூத்தல்’ என்பர். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்த தரை, ஒரு மூலையில் மட்டும் மங்கி, எத்தனை முறை துடைத்தாலும் மறுவாரம் மீண்டும் வெளுக்குமானால், துடைக்கும் துணியால் தீரும் நோய் அதுவன்று.

காரைக்குடிக்கு அருகில் இத்தகைய ஒரு வீட்டில் நடந்த தேடலைக் களத்தில் கண்டபோது, முதலில் உளியோ சுத்தியோ எடுக்கப்படவில்லை. வளவுப் பத்தியில் குந்தியமர்ந்த மூத்த கொத்தனார், கரணையின் மரப்பிடியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் தட்டிக்கொண்டே நகர்ந்தார். அடித்தளத்தோடு ஒட்டியிருக்கும் கல் கெட்டியாக ஒலிக்கும்; அடியில் கலவை அரிக்கப்பட்டு வெற்றிடம் விழுந்த கல் பொள்ளலாக ஒலிக்கும். பொள்ளல் கேட்ட கற்களின் மேல் கரித்துண்டால் ஒரு கோடு இழுத்துக்கொண்டே போனபோது, கோடுகள் ஈரம் தெரிந்த மூலையில் குவியாமல், அடுப்படிச் சுவரை நோக்கி ஒரு வரிசையாக நீண்டன. வெண்பொடியை விரலில் தொட்டு நாவில் வைத்துப் பார்த்துத் துப்பிய அவர், வீட்டுக்கார அம்மையாரிடம் சொன்னது இவ்வளவுதான்: “தண்ணி நிக்கிற எடம் இதுதான் ஆச்சி, வர்ற எடம் இது இல்ல.”

இத்தொழிலின் சாரம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. தளத்துக்கடியில் இருப்பது மணல் நிரப்பு, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டிப்படுத்திய படுகை, அதன்மேல் கல். கசியும் நீர் மணலில் பக்கவாட்டில் ஓடி, எங்கே தாழ்வோ அங்கே தேங்குவதால், ஈரத்தின் இடத்துக்கும் கசிவின் இடத்துக்கும் இடையே ஓர் அறையின் நீளம்கூட இருக்கலாம். ஈரம் தெரிந்த இடத்தில் உடைத்துப் பார்த்து, ஒன்றும் அகப்படாமல் மூடிவிட்டு, அடுத்த இடத்தில் உடைப்பது இன்று பெருவழக்காகிவிட்டது. அது தேடலன்று, சூதாட்டம்.

முறையாகத் தேடுபவர்கள் காலத்தை முதலில் விசாரிக்கின்றனர். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகிப் பங்குனியில் வற்றும் ஈரம் மழைநீரையோ நிலத்தடி நீரையோ சுட்டும். ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நிற்பது குழாயைச் சுட்டும். உறவினர் கூடும் விசேஷ நாள்களில் மட்டும் மிகுவது கழிவுக் குழாயைச் சுட்டும். ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளில் இக்கடைசிக் குறிப்பு மிகவும் பயன்படுகிறது. விடியற்காலையில் மட்டும் தோன்றி வெயில் ஏறியதும் மறையும் ஈரமோ, பெரும்பாலும் காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பளிங்கின்மேல் படிவது, அதாவது தரை ‘வேர்ப்பது’. இதில் ஐயம் எழுந்தால், சுமார் ஒன்றரை அடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் தரையோடு ஒட்டி, ஒரு பகலோ ஓர் இரவோ கழித்துப் பிரித்துப் பார்க்கின்றனர்: தாளின் அடிப்புறம் நனைந்திருந்தால் நீர் கீழிருந்து வருகிறது, மேற்புறம் மட்டும் நனைந்திருந்தால் காற்றிலிருந்து வருகிறது.

அடுத்த கட்டம் குழாய்ப் பணியாளருடையது. மாடித் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டியின் உட்சுவரில் நீர்மட்டத்தைக் குறித்துவைத்துவிட்டு மறுநாள் காலையில் பார்க்கின்றனர். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள தொட்டியில் மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 10 லிட்டர் நீர் எங்கோ போயிருக்கிறது என்பது கணக்கு. பின்னர் கேட் வால்வுகளை, அதாவது ஒவ்வொரு கிளைக் குழாயையும் தனித்தனியே அடைக்கும் திருகுகளை, ஒவ்வொன்றாக மூடி அதே சோதனையைத் திரும்பச் செய்யும்போது குற்றமுள்ள கிளை பிடிபடுகிறது. அழுத்தமானி பொருத்திய கைப்பம்பினால் குழாயில் நீரை ஏற்றி முள் இறங்குகிறதா என்று பார்ப்பது இன்னும் விரைவானது. ஆனால் உள்ளே துருவேறி மெலிந்த பழைய ஜி.ஐ. குழாயில், தொட்டியின் உயரத்தால் வரும் அழுத்தத்தைவிட (7 மீட்டர் உயரத் தொட்டிக்கு அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.7 கிலோ) வெகுவாகக் கூட்டினால், இல்லாத கசிவைச் சோதனையே உண்டாக்கிவிடும். எங்கே நிறுத்துவது என்பது கைப்பழக்கத்தால் வருவது. ஊரடங்கிய பின், நீண்ட இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையிலும் மறுமுனையைக் காதோரத்திலும் வைத்துச் சீறல் ஒலி கேட்பவர்களும் இன்னும் உள்ளனர்.

நீரின் இயல்பும் சான்று சொல்லும். தோண்டிய குழியில் ஊறும் நீரின் கரைதிண்ம அளவை, அதாவது லிட்டர் நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்தத்தை, டி.டி.எஸ். மீட்டர் என்னும் பேனா அளவுக் கருவி சில நொடிகளில் காட்டுகிறது. அந்த அளவை வீட்டுக் கிணறு, ஆழ்குழாய், காவிரிக் கூட்டுக் குடிநீர் ஆகியவற்றின் அளவுகளோடு ஒப்பிட்டால் வந்தவழி ஓரளவு புலப்படும். ஆயினும் மண்ணில் ஊறும் நீர் வழியிலுள்ள உப்பையும் கரைத்துக்கொள்வதால், உயர்ந்த அளவு எதையும் உறுதிசெய்யாது. தாழ்ந்த அளவே நம்பத்தக்க சான்று. குளோரின் சோதனையும் அவ்வாறே: மஞ்சள் நிறம் தோன்றினால் குடிநீர்க் குழாய் என்பது ஏறத்தாழ உறுதி, தோன்றாவிட்டால் எதுவும் உறுதியாவதில்லை, ஏனெனில் குளோரின் மண்ணில் விரைவில் அழிந்துவிடும்.

பெருநகரங்களில் வெப்பப் படக்கருவியும், நைட்ரஜனோடு ஐந்து விழுக்காடு ஹைட்ரஜன் கலந்த வாயுவைக் குழாயில் செலுத்தித் தரைக்குமேல் மோப்பம் பிடிக்கும் கருவியும் பயன்படுகின்றன. முன்னது காட்டுவது வெப்ப வேறுபாட்டை மட்டுமே, நீரை அன்று. இதைச் சொல்லாமல் படத்தை மட்டும் காட்டிக் கட்டணம் பெறுவோர் உண்டு. உள்ளங்கையில் தேங்காயை ஏந்தி நீரோட்டம் பார்ப்பவரை அழைக்கும் வீடுகளும் இல்லாமலில்லை. வீடு முழுவதும் ஈரமாயிருக்கையில் தேங்காய் எங்கே எழுந்து நின்றாலும் அது பொய்யாகாது என்பது அவருக்கு வசதி.

மேற்சொன்ன வீட்டில் குழாய்கள் குற்றமற்றவையெனத் தெரிந்தபின் சலதாரை சோதிக்கப்பட்டது. தெருப்பக்க வாயைச் சாக்குத்துணி திணித்து அடைத்து, முற்றத்துத் துளைவழியே சாயம் கலந்த நீரை விட்டு நிரப்ப முயன்றபோது, அது நிரம்பவேயில்லை. கரிக்கோடுகள் காட்டிய வரிசையில் நான்கு கற்கள் மட்டும் எடுக்கப்பட்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் எண்ணெழுதப்பட்டது. சுண்ணாம்புப் படுகை கல்லைவிட மென்மையானது என்பதால் மெல்லிய உளியை நுழைத்து நெம்பினால் கல் உடையாமல் வந்துவிடுகிறது. பிற்காலத்தில் சிமெண்ட் கலவையில் பதித்த கல்லாயிருந்தால் துண்டுகளாகத்தான் வந்திருக்கும். உள்ளே, பின்னாளில் கழிப்பறையை வீட்டுக்குள் கொண்டுவந்தபோது புதைத்த பி.வி.சி. குழாய் சலதாரையின் பக்கச் சுவரைக் குடைந்து சென்றிருந்தது. குடைந்த ஓட்டை பூசப்படவேயில்லை. மழைநீர் ஒவ்வோர் ஆண்டும் அதன்வழியே மணலில் இறங்கிக்கொண்டிருந்தது. சாயம் அங்கே ஈரமணலில் படிந்து கிடந்தது.

கசிவே இல்லாமல், நிலத்தின் ஈரம் நுண்துளைகள்வழியே சுவரில் ஏறும் வீடுகள் வேறு வகை. ஈரத்தடுப்பு அடுக்கு இல்லாத பழைய சுவர்களில் அது பொதுவாக ஒரு மீட்டர் உயரம்வரை ஏறும். இதற்குச் சிமெண்ட் பூச்சு மருந்தென நம்பப்படுகிறது. உண்மையில் சுண்ணாம்புப் பூச்சின்வழியே ஆவியாகி வெளியேறிய ஈரத்தைச் சிமெண்ட் உள்ளே அடைத்து, இன்னும் மேலே ஏற்றிவிடுகிறது. ஆத்தங்குடிக் கல்லை அகற்றி நீர் ஊடுருவாத விட்ரிஃபைடு கற்களைப் பதிக்கும் வீடுகளிலும் இதுவே நேர்கிறது: தரை உலர்ந்து, சுவரின் அடியும் பர்மாத் தேக்குக் கதவுநிலையின் அடியும் நனைகின்றன. 2003இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபின் வெட்டிய உறிஞ்சுகுழி அடித்தளச் சுவரை ஒட்டி அமைந்திருந்தால், அதையும் ஐயப்பட்டியலில் சேர்த்தாக வேண்டும்.

இத்தொழிலாளருக்குத் தரப்படும் ஊதியம் நாள்கூலியே. பத்தியெல்லாம் உடைத்துப் பதிப்பவருக்குப் பல நாள் கூலி; நான்கு கல்லில் முடித்தவருக்கு ஒரு நாள் கூலி. இக்கணக்கு உடைப்பவரை வளர்க்கிறது, கண்டுபிடிப்பவரை வளர்ப்பதில்லை. சலதாரையின் போக்கை நினைவில் வைத்திருக்கும் மூத்த கொத்தனார்களின் பிள்ளைகள் இவ்வேலைக்கு வராததற்கு இதுவும் ஒரு காரணம். பழைய வீடு வைத்திருப்பவர்கள், கண்டறிதலுக்கென்று தனித் தொகை பேசிக் கொடுப்பதோடு, அந்தக் கொத்தனார் உள்ளபோதே சலதாரையும் குழாய்களும் செல்லும் வழியை ஒரு தாளில் வரைந்து வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துவைப்பது நல்லது.