ஏலாது

‘ஏலாது’ என்ற சொல்லை டொச் மொழியில் எப்படிச் சொல்வது? யேர்மனியில் தஞ்சம் கேட்டவர்களோடு மொழித்துணையாகப் போய்வந்த பலருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் இந்த ஒரு சொல்லே எங்களுக்குப் போதுமாக இருந்தது. காய்ச்சலில் படுத்திருப்பவருக்கும் ஏலாது. திறப்புத் தொலைந்த கதவைத் திறக்கவும் ஏலாது. ஊரடங்கில் தெருவில் இறங்கவும் ஏலாது.

டொச்சில் அப்படியில்லை. வலுவில்லாவிட்டால் ‘கன் நிக்ற்’. அனுமதியில்லாவிட்டால் ‘டார்ஃப் நிக்ற்’. விருப்பமில்லாவிட்டால் ‘வில் நிக்ற்’. ஆஹெனில் இருந்த எங்களுக்கு முதலிரண்டின் வேறுபாட்டைப் படிக்க வகுப்புத் தேவைப்படவில்லை. ஒல்லாந்தின் வால்ஸ் நகரம் பஸ்ஸில் போகிற தூரம். 1995 மார்ச் 26இல் ஷெங்கன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து எல்லைச் சோதனையும் நின்றுபோனது. யேர்மன்காரர் மரக்கறி வாங்கவும் கோப்பி குடிக்கவும் அங்கே போய்வந்தார்கள். விண்ணப்பம் முடிவாகாத அகதியோ தனக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை அனுமதியின்றித் தாண்டக்கூடாது என்று 1992இன் தஞ்ச நடைமுறைச் சட்டம் சொன்னது. வீட்டுக்குக் கடிதம் எழுதும்போது மட்டும் இரண்டையும் சேர்த்து, ‘போகேலாது’ என்று எழுதினோம்.

எங்கள் ‘முடியாது’ இன்னும் சிக்கலானது. மூட்டையைச் சுமக்க முடியாது என்றால் வலுவில்லை என்று பொருள். கேட்டதற்கு ‘முடியாது’ என்று வெட்டிச் சொன்னால் அது மறுப்பு. ‘ஏன் கொழும்பில் இருக்கவில்லை?’ என்ற கேள்விக்கு ஒருவர் ‘அங்கை இருக்க முடியாது’ என்று பதில் சொன்னால், மொழிபெயர்ப்பாளர் எந்த முடியாதைத் தெரிவு செய்வார்?

இது இலக்கணச் சண்டையல்ல. 1989 யூலை 10இல் கார்ல்ஸ்றூவில் உள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் இலங்கைத் தமிழர்களின் வழக்கில் ஒரு முடிவை வெளியிட்டது. சொந்த நாட்டின் வேறொரு பகுதியில் பாதுகாப்பாக வாழ வழியிருந்தால் தஞ்சம் கிடையாது. ஆனால் அந்த இடத்தில் துன்புறுத்தலிலிருந்து போதிய பாதுகாப்பு இருக்கவேண்டும், அதற்கு நிகரான வேறு ஆபத்துகள் காத்திருக்கவும் கூடாது. அதன்பின் எங்களவர் பலரின் வழக்குகள் கொழும்பில் வந்து முட்டின. லொட்ஜ் அறையும் பொலிஸ் பதிவும் சுற்றிவளைப்பும் தெரிந்தவர் ‘இருக்கேலாது’ என்கிறார். அதற்குச் சட்டத்தில் பொருந்துகிற சொல் ‘உன்சூமூட்பார்’. ஒருவரைச் சகித்துக்கொள் என்று கேட்பதற்கே தகாதது என்று பொருள். ‘வில் நிக்ற்’ என்று எழுதப்பட்டால் வந்தவர் வசதி தேடி வந்தவராகிவிடுவார்.

அந்த 1995இல், என் அறைக்குப் பக்கத்தில் இருந்த அண்ணை ஒருவருக்கு மறுப்புக் கடிதம் வந்தது. ‘வெளிப்படையாகவே ஆதாரமற்றது’ என்ற வகை. வழக்குப் போட ஒரு வாரம்தான் தவணை. யாரோ அவருக்கு, “உங்களை நம்பேலாதெண்டு எழுதியிருக்கு” என்று வாசித்துச் சொல்லியிருந்தார். அவர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

“தம்பி, நான் பொய்க்காரன் எண்டா இனி என்னத்தைச் சொல்லுறது?”

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்த சொல் ‘உன்கிளௌப்ஹாஃப்ற்’.

“அண்ணை, உங்களை இல்லை. நீங்கள் சொன்னதிலை ஒரு இடத்தைத்தான் நம்பேலாதெண்டு எழுதியிருக்கு.”

டொச்சில் இரண்டு சொற்கள் உண்டு. சொன்ன விடயம் நம்பத்தகாததாயின் ‘உன்கிளௌப்ஹாஃப்ற்’. சொன்ன மனிதரே நம்பத்தகாதவராயின் ‘உன்கிளௌப்வூர்டிக்’. பின்னதில் மதிப்பு, தகுதி என்ற சொல் ஒட்டியிருக்கிறது. அது ஆளைத் தொடுகிறது. முன்னதற்கு விளக்கம் கொடுக்கலாம். ஆங்கிலத்தில் ‘இன்கிறெடிபிள்’ என்று பாராட்டவும் செய்வார்கள், ‘நொட் கிறெடிபிள்’ என்றால் விண்ணப்பம் தள்ளுபடி. தெருவில் யேர்மன்காரர் வியந்து ‘டஸ் கிப்ற்ஸ் டொக் நிக்ற்’ என்பார்கள். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்பது சொல்லின் பொருள். ஆனால் அவர்கள் நம்பிவிட்டார்கள் என்பதே அதன் கருத்து.

அண்ணையின் கடிதத்தில் நம்பப்படாத இடம் எது? தம்பியைப் பிடித்துக்கொண்டு போன நேரம். முதல் விசாரணையில் ‘இரவு’ என்றும் அடுத்ததில் ‘காலை’ என்றும் பதிவாகியிருந்தது. அவரோ இரண்டு முறையும் ஒரே சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார்: ‘விடியப்புறம்’. ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு அது இரவின் கடைசி. மற்றவருக்குக் காலையின் தொடக்கம்.

தவணைக்குள் வழக்கறிஞர் அதை எழுதிக் கொடுத்தார். பின்னர் நீதிபதி அந்தச் சொல்லின் பொருளைக் கேட்டார். சேவல் கூவும், ஆனால் முகம் தெரியாத நேரம் என்று அண்ணை சொன்னார். நேர முரண்பாடு தீர்ப்பில் இடம்பெறவில்லை. கொழும்பு மிஞ்சியது. அதில் அவர் தோற்றார்.

தஞ்ச விசாரணையில் எழுதியதை முடிவில் மொழிபெயர்த்து வாசித்துக் காட்டுவார்கள். களைப்பில் பலர் கேளாமலே கையொப்பம் வைத்துவிடுகிறார்கள். விசாரணைக்குப் போகிறவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். அந்த வாசிப்பை முழுதாகக் கேளுங்கள். நீங்கள் சொன்ன ‘ஏலாது’ அங்கே என்னவாகியிருக்கிறது என்று விசாரியுங்கள். தவறாக இருந்தால், திருத்தி எழுதும்வரை கையொப்பமிடாதீர்கள்.