ஃபெஸ் மாநகரில் நாங்கள் கண்டவை

ஆப்பிரிக்கா என்றவுடன் அடர்ந்த காடும், சிங்கமும், சகாரா மணலும்தாம் நம் மனக்கண்முன் தோன்றும். ஆனால் அக்கண்டத்தின் வடமேற்கு மூலையிலே, மொராக்கோ நாட்டிலே, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக மக்கள் நெருங்கி வாழ்ந்துவரும் ஃபெஸ் என்னும் பழம்பெரும் நகரம் ஒன்று உண்டு. நம் நாட்டு உரத் தொழிலுக்கு வேண்டிய பாஸ்பேட் மொராக்கோவிலிருந்து கப்பலில் வருகிறது. எங்கள் தந்தையார் அத்தொழிலில் பணிபுரிபவர். சென்ற டிசம்பர் விடுமுறையில் அவர் பணி நிமித்தம் அந்நாடு சென்றபோது, அம்மா, பாட்டி, சகோதரிகளாகிய நாங்கள் இருவர் என அனைவரும் உடன்சென்று, மூன்று நாட்கள் ஃபெஸ்ஸில் தங்கும் பேறு பெற்றோம். அங்குக் கண்டவற்றை அன்புத் தோழியருக்கும் சொல்ல விழைகிறோம்.

கி.பி. 789இல் முதலாம் இத்ரீஸ் என்பவர் ஆற்றின் ஒரு கரையில் இந்நகருக்கு அடிகோலினார். அவர் மகன் இரண்டாம் இத்ரீஸ் மறுகரையில் இன்னொரு குடியிருப்பை அமைத்தார். 818இல் ஸ்பெயின் நாட்டுக் கோர்தோபா நகரில் எழுந்த கலகத்திற்குப் பின் துரத்தப்பட்ட குடும்பங்கள் ஒரு கரையில் வந்து தங்கின. துனிசியாவின் கைரவான் நகரிலிருந்து வந்தோர் மறுகரையில் குடியேறினர். ஆக, ஊரைவிட்டு வந்த ஏதிலியர் வளர்த்த நகரம் இது! 1981இல் யுனெஸ்கோ நிறுவனம் இப்பழைய நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பழைய நகருக்குள் நுழையும் பாப் பூ ஜெலூத் என்னும் வாயில், 1913இல் எழுப்பப்பட்டது. வெளிப்புறம் நீல ஓடுகளும் உட்புறம் பச்சை ஓடுகளும் பதித்த அழகே அழகு! அதைத் தாண்டினால் காரும் இல்லை, பஸ்ஸும் இல்லை. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்துகளே எங்கும். சமையல் எரிவாயு உருளை முதல் ஆட்டுத்தோல் வரை யாவும் கழுதை முதுகிலே பயணம் செய்கின்றன. "பலாக்! பலாக்!" என்று பின்னாலிருந்து குரல் கேட்டால் உடனே ஒதுங்க வேண்டும். 'வழி விடு' என்பது அதன் பொருள். முதல் நாள் மாலைக்குள் எங்கள் பாட்டியே அச்சொல்லைக் கற்றுக்கொண்டு, எங்களை விலக்கிவிட்டு முன்னே நடந்தார்கள்!

பூ இனானியா மதரசா, 14ஆம் நூற்றாண்டில் அபூ இனான் என்னும் சுல்தான் கட்டிய கல்விக்கூடம். அதன் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தோம். கீழே வண்ண ஓட்டுக் கற்கள், நடுவே பூவேலை செய்த சுதை, மேலே கருமை படர்ந்த தேவதாரு மரச்சிற்பம். கண்ணுக்கு எட்டிய இடமெல்லாம் கைவேலைதான். எதிரே 1357ஆம் ஆண்டைச் சேர்ந்த நீர்க்கடிகாரத்தின் முகப்பு இருக்கிறது. பன்னிரண்டு சாளரங்கள் இன்றும் வரிசையாக உள்ளன. அதை இயக்கிய நுட்பமோ மறைந்துபோயிற்று. செய்தவர்கள் எழுதிவைக்காவிட்டால் அறிவு எப்படி அழிந்துவிடுகிறது என்று தந்தையார் சொன்னார்.

அடுத்து நாங்கள் சென்றது கராவியீன் பள்ளிவாசல். பாத்திமா அல்-ஃபிஹ்ரி என்னும் பெண்மணி, கைரவானிலிருந்து வந்த வணிகரான தம் தந்தை விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு 859இல் இதை எழுப்பினார் என்பது அவ்வூர் மரபு. அவருடைய சகோதரி மரியம் மறுகரையில் அந்தலூஸ் பள்ளிவாசலை எழுப்பினாராம். தொழுகையிடத்தைச் சுற்றி வளர்ந்த கல்விக்கூடம், உலகில் இடைவிடாது நடந்துவரும் மிகப் பழைய பல்கலைக்கழகமென யுனெஸ்கோவால் போற்றப்படுகிறது. முஸ்லிம் அல்லாதார் உள்ளே செல்வதில்லை. எனவே வாயிற்படியிலேயே அமைதியாக நின்றோம். வெண்மையான தூண்களையும், முற்றத்து நீரூற்றையும், முழந்தாளிட்டுத் தொழுவோரையும் கண்டோம். பாட்டி தம்மையறியாமல் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கைகூப்பினார்கள்.

பின்பு ஒரு கேள்வி கேட்டார்கள்: "கட்டினது ஒரு பொண்ணு, சரி. பொண்ணுங்க இதுல எப்போ படிச்சாங்க?"

தந்தையார் அதை ஆங்கிலத்தில் வழிகாட்டிப் பெரியவரிடம் கேட்டார். 1940களில்தான் பெண்களுக்கு அக்கதவு திறந்தது என்று அவர் சொன்னார். மலிக்கா அல்-ஃபாசி என்னும் பெண்மணி அதற்காக எழுதியும் பேசியும் பாடுபட்டவர். 1944இல் வெளியான மொராக்கோ விடுதலை அறிக்கையில் கையொப்பமிட்ட ஒரே பெண்ணும் அவர்தான். "ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சே!" என்றார்கள் பாட்டி. தம்பிமாரைப் பார்த்துக்கொள்வதற்காக ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்கள் அவர்கள். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

அருகில் செஃபாரின் சதுக்கம். செம்புக் கொல்லர்கள் அண்டாக்களைத் தட்டும் ஓசை காதைத் துளைக்கிறது. அங்கேதான் கராவியீன் நூலகத்தின் கதவு உள்ளது. இப்னு கல்தூன் என்னும் பேரறிஞர் அன்பளித்த தம் நூலின் கையெழுத்துப் படி அங்கே காக்கப்படுகிறது. தரைக்கடியில் ஊறிய நீரால் அந்நூலகம் சீர்கெட்டிருந்தது. 2012இல் தொடங்கி அதைச் செப்பனிட்டவர் அசிசா சவூனி. ஃபெஸ்ஸிலேயே பிறந்த பெண் கட்டடக் கலைஞர்! இதைக் கேட்டதும் எங்களில் மூத்தவளின் முகம் மலர்ந்தது. அவளுக்குக் கட்டடக்கலை படிக்க ஆசை. ஆனால் வெளியூரில் விடுதியில் தங்க வேண்டும் என்பதால் வீட்டில் அதுவரை யாரும் 'சரி' என்று சொல்லவில்லை.

மறுநாள் சூவாரா தோல் பதனிடும் களத்திற்குச் சென்றோம். கடை மாடியிலிருந்து பார்த்தால், ஓவியர் வண்ணம் குழைக்கும் தட்டுப் போலக் கற்தொட்டிகள் பரந்து கிடக்கின்றன. சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த வெள்ளைத் தொட்டிகளில் தோலை ஊறவைத்து மென்மையாக்கி, பின்பு வண்ணத் தொட்டிகளில் தோய்க்கிறார்கள். அவுரி நீலமும் மருதாணியும் அங்கே பயன்படும் பழைய சாயங்கள். நாற்றம் தாங்காது என்று கடைக்காரர் ஆளுக்கொரு புதினாக் கொத்து தந்தார். நாங்கள் அதை மூக்கருகே வைத்துக்கொண்டு படம் எடுத்தோம். அம்மா கீழே, தொட்டிக்குள் தொடையளவு நின்று காலால் தோலை மிதித்துக்கொண்டிருந்தவர்களையே பார்த்தார். "அவங்களுக்கு யாரு புதினா குடுக்கிறா?" என்றார். எங்கள் கைகள் தாமாகவே தாழ்ந்தன. அதன்பின் கடையில் மஞ்சள் தோற்செருப்பு வாங்கியபோது, வழக்கமாக நெடுநேரம் பேரம் பேசும் அம்மா கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தார்.

இந்நகரம் பல சமயத்தாரையும் அறிந்தது. யூத அறிஞர் மைமோனிடிஸ் 12ஆம் நூற்றாண்டில் சில ஆண்டுகள் இங்கு வாழ்ந்தார். யூதர் குடியிருப்பான மெல்லாவில் 17ஆம் நூற்றாண்டுத் தொழுகைக்கூடம் ஒன்று செப்பனிடப்பட்டு நிற்கிறது. ஃபெஸ்ஸில் வளர்ந்து கற்ற அல்-ஹசன் அல்-வசான் 1518இல் கடற்கொள்ளையரிடம் சிக்கி உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1520இல் திருத்தந்தை பத்தாம் லியோவின் கையால் திருமுழுக்குப் பெற்றார். ஆப்பிரிக்காவைப் பற்றி அவர் எழுதிய நூல் 1550இல் அச்சேறி, ஐரோப்பியருக்கு அக்கண்டத்தைக் காட்டியது.

கடைசி மாலை, மெரினிட் மன்னர்களின் சிதைந்த கல்லறைகள் உள்ள குன்றில் ஏறினோம். கீழே கூரைகளும் பச்சை ஓடுகளும் பொன்வெயிலில் மின்னின. தொழுகை அழைப்பு ஒரு கோபுரத்தில் எழுந்து, அடுத்ததில் தொடர்ந்து, நகர் முழுதும் பரவியது. அப்போது பாட்டி தந்தையாரை நோக்கி, "மாப்பிள்ளை, அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டினதும் பொண்ணு, புத்தகசாலையைச் செப்பனிட்டதும் பொண்ணு. நம்ம பிள்ளை மட்டும் ஏன் படிக்கக் கூடாது?" என்றார்கள். தந்தையார் சற்று நேரம் நகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஊருக்குப் போனதும் விண்ணப்பப் படிவம் வாங்குவோம், அத்தை" என்றார்.

அன்புத் தோழியரே! பழைய நகரங்களில் மன்னர் பெயர்களைக் கல்லில் படிக்கிறோம். தொட்டியில் நிற்பவர் பெயரும், செம்பு தட்டுபவர் பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை. பெண்களின் பெயர்களோ மிகச் சிலவே. அச்சிலவற்றை நாம் மறவாதிருப்போம். நமக்குத் திறந்திருக்கும் பள்ளிக் கதவு எத்தனை பேர் காத்திருந்து திறந்தது என்பதை எண்ணி, நாள்தோறும் நன்றியோடு அதனுள் நுழைவோம்.