மலைக்குச் செல்லும் தேநீர்

கோடை விடுமுறையில் கள்ளக்குறிச்சிக் குடும்பங்கள் கல்வராயன் மலைக்குச் சென்று வருவதுண்டு. கச்சிராயபாளையம் வழியே கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலைச் சாலையில் ஏற ஏறக் காற்றே மாறிவிடும். செல்வோர் சோற்றையும் கறியையும் வீட்டிலேயே சமைத்துக் கட்டிக்கொள்கின்றனர். தேநீருக்கென்று மட்டும் பாத்திரமும் விறகுமாகப் புறப்படுகின்றனர். ஆண்கள் ஓடைக்கரையில் பாய் விரித்துப் பேசியிருப்பர். பிள்ளைகள் நீரில் ஆடுவர். பெண்கள் மட்டும் புகையில் கண் கசக்கிக்கொண்டு கல்லடுப்பின்முன் அமர்ந்திருப்பர். பல்லாண்டுகளாக நாம் கண்டுவரும் காட்சி இது. வீட்டில் எரிந்த அடுப்பே மலையிலும் எரிந்தால் அவர்களுக்கு உல்லாசம் ஏது? அன்றியும், கோடையில் அக்காடு சருகாய்க் கிடக்கும். ஒரு பொறி போதும்.

ஆகவே குளிர்ந்த தேநீரை எடுத்துச் செல்லுங்கள் என்கின்றோம். மேனாட்டுப் பழக்கமென்று முகம் சுளிக்க வேண்டா. 1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் அதனைப் பரப்பியவர்களுள் ஒருவராகக் கூறப்படும் ரிச்சர்ட் பிளெச்சின்டன், இந்தியத் தேயிலையை விளம்பரம் செய்யவே அங்குச் சென்றிருந்தார். அதற்கு முன்னரும் அந்நாட்டுச் சமையல் நூல்களில் இதன் செய்முறை உண்டு. பெயரில் என்ன அந்நியம்? நம்மவர் கூறும் ‘சாயா’வும் அரபியர் கூறும் ‘ஷாய்’ என்பதும் சீனத்துச் ‘சா’வின் வழிவந்தவையே.

முதல்நாள் இரவே செய்துவிடலாம். ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, நான்கு தேக்கரண்டி தேயிலையும் நசுக்கிய இஞ்சித் துண்டு ஒன்றும் இட்டு மூடுக. நான்கைந்து நிமிடங்களில் வடித்துவிட வேண்டும், மிஞ்சினால் துவர்க்கும். சர்க்கரையைச் சூட்டிலேயே கரைத்துவிடுக. குளிர்ந்தபின் எளிதில் கரையாது. தானே ஆறிய பின்னரே குளிர்பெட்டியில் வைத்தல் நன்று. கடுந்தேநீர் விரைந்து குளிர்ந்தால் கலங்கும். கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள், சிறிது வெந்நீர் வார்த்தால் தெளியும். காலையில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் நிறம் வெளுத்துப் பொன்போலாகும். பால் மட்டும் ஆகாது; வழியிலேயே திரிந்துவிடும். பனிக்கட்டியைக் காய்ச்சி ஆறிய நீரில் வீட்டிலேயே உறையவைத்து, அகன்ற வாயுள்ள பிளாஸ்க்கில் கொண்டுசெல்க. கடையில் விற்கும் பெருங்கட்டிகள் எல்லாம் பருகுவதற்கென்று செய்யப்பட்டவை அல்ல.

அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு இனிப்பும் குளிர்ச்சியும் உடைய பானம் மிக உவப்பானது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியதைத் திர்மிதீயில் காண்கின்றோம். இதனை ஆலிம்கள் விருந்துகளில் எடுத்துரைக்கக் கேட்டிருப்பீர்கள். பிறருக்குப் பருகத் தருபவர் தாம் இறுதியில் பருகுதல் வேண்டும் என்ற நபிமொழியை அத்துணை அடிக்கடிக் கேட்பதில்லை. நம் வீடுகளில் அந்த ஒழுக்கத்தைப் பேணி வந்தவர்கள் பெண்களே. அவர்கள் முறை வருகையில் பாத்திரத்தில் மண்டியே எஞ்சும்.

சென்ற கோடையில் பெரியார் அருவியருகே பாத்திரத்தை நாம் எடுத்துக்கொண்டோம். “மாமா, நீங்கள் உட்காருங்கள், நான் ஊற்றுகிறேன்” என்று மருமகள் எழுந்தாள், அமர்த்திவிட்டோம். முதல் குவளை எம் துணைவியாருக்கு. பாறைமேல் கால்நீட்டி அமர்ந்து, அவசரமின்றிப் பருகினார். “இஞ்சி கொஞ்சம் கூடிவிட்டது” என்றார். பின்னர்க் குவளையை மறுபடியும் நீட்டினார்.