பால் ஊற்றாத காப்பி

தாயில்பட்டிக் கடைத்தெருவில் பொழுது புலருமுன்னரே தேநீர்க் கடைகளில் விளக்கெரியும். பட்டாசு ஆலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வண்டிகள் வந்து நிற்பதற்குள் ஒரு வாய் சூடாக அருந்திவிட வேண்டுமென விரைந்து வருவோர் அங்கே நெருங்கி நிற்பர். காலைத் திருப்பலி முடிந்தபின் சில நாட்களில் நாமும் அக்கூட்டத்தில் ஒருவராக நிற்பதுண்டு. அவரவர்க்கு ஒரு கணக்கு. “சீனி கம்மியா ஒரு டீ”, “ஆத்தாம ஒரு காப்பி”, “சுகர் இருக்கு அண்ணாச்சி, சீனியே வேண்டாம்” என்று பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லுவர். கடைக்காரர் ஒன்றையும் எழுதிக்கொள்ளாமல், ஒருவருடையது மற்றவருக்கு மாறிப்போகாமல் நீட்டுவார். இந்த நினைவாற்றலில் பாதி நமக்கு இறையியல் தேர்வு நாட்களில் வாய்த்திருக்கலாகாதா என்று எண்ணிக்கொள்வோம்.

நாம் கேட்பது ஒன்றே: “அண்ணாச்சி, பால் ஊற்றாமல் ஒரு வரக்காப்பி.” வந்த புதிதில் அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னைக்கு ஒருசந்தியா, சாமி?” என்றார். இல்லை என்றோம். மறுநாளும் அதையே கேட்டோம். “என்ன சாமி, தினமும் ஒருசந்தியா?” என்றார். சுற்றி நின்றோர் சிரித்தனர். நமக்குப் புனிதர் பட்டம் அத்துணை எளிதாக எவரும் அதற்குமுன் அளித்ததில்லை.

உண்மை அத்துணை உயர்ந்ததன்று. பால் நமக்கு ஒவ்வாது. குருமடத்தில் பயின்ற காலத்திலேயே காலைக் காப்பிக்குப்பின் வயிறு இரைந்து பிசையும். தியான வேளையில் அது அண்டை இருக்கைக்குக் கேட்கும். சமையற்கட்டின்மேல் பழியைப் போட்டோம். பின்னர்ப் பணியாற்றிய ஊர்களில் தண்ணீரின்மேல் போட்டோம். ஐம்பது வயதைக் கடந்தபின் மதுரையில் ஒரு மருத்துவர் நம் வாயாலேயே ஒரு வாரத்து உணவை ஒப்புவிக்கச் செய்து, “சாமி, பதினைந்து நாள் பாலை நிறுத்திப் பாருங்கள்” என்றார். நிறுத்தினோம். முப்பதாண்டுத் தொல்லை பத்து நாளில் ஓய்ந்தது. நாம் பழி சுமத்திய அந்தச் சமையற்காரர் இறைவனடி சேர்ந்து வெகு நாளாகிறது.

இது நோயன்று என்பதை மருத்துவர் விளக்கியபோதுதான் அறிந்தோம். பாலில் இயல்பாகவே ஒரு சர்க்கரை உண்டு, லாக்டோஸ் என்பர். அதை உடைத்துச் செரிக்க வைப்பது சிறுகுடலில் சுரக்கும் லாக்டேஸ் என்னும் நொதி. தாய்ப்பால் குடிக்கும் பருவத்தில் அது எல்லாரிடமும் நிறைந்திருக்கும். பால்குடி மறந்தபின் பெரும்பாலோரிடம் குறைந்துகொண்டே வரும். உலகில் வளர்ந்தோருள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினரின் நிலை இதுவே. நம் நாட்டிலும் வடக்கு ஒருவிதம், தெற்கு ஒருவிதம். 1981-ல் வெளியான ஓர் ஆய்வில், சோதிக்கப்பட்ட வடநாட்டாருள் நூற்றுக்கு 27 பேரளவில் காணப்பட்ட இக்குறை, தென்னாட்டாருள் நூற்றுக்கு 66 பேருக்குமேல் காணப்பட்டது. ஆகவே இதை வாசிக்கும் குடும்பங்களில், “எனக்குக் காலையில் காப்பி குடித்தால்தான் வயிறு இளகும்” என்று பெருமையாகச் சொல்லும் பெரியவர்கள் சற்றே சிந்திப்பார்களாக.

அளவைப் பற்றியும் ஒரு சொல். நூறு மில்லி பாலில் ஏறத்தாழ ஐந்து கிராம் லாக்டோஸ் உண்டு. இக்குறை உள்ளவரிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்குப் பன்னிரண்டு கிராம் வரை பெரும் தொல்லையின்றித் தாங்குவர் என்கின்றனர் மருத்துவர்கள். கடைக்காப்பி ஒன்றைக் குடித்துவிட்டுப் போகிறவருக்கு ஒன்றும் நேராது. ஆனால் பங்குக்குரு ஒரு மாலையில் எட்டு வீடுகளுக்குச் செல்கிறவர். ஒரு வீட்டில் குடித்தால் எட்டு வீட்டிலும் குடித்தாக வேண்டும்! தயிரும் மோரும் வேறு கணக்கு. உறை ஊற்றியதும் நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்று புளிப்பாக்கிவிடுகின்றன. எஞ்சியதைச் செரிக்கவும் அவையே துணைசெய்கின்றன. எனவே பால் ஆகாத வயிற்றுக்கு மோர் ஆகும். இந்த நுணுக்கம் நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்திற்று என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

பாலின் புரதமே ஆகாதவர் வேறு வகையினர். அது ஒவ்வாமை; அவர்களுள் சிலருக்கு, சிறு குழந்தைகளுக்கு அதிகமாக, பால் கலக்கிய கரண்டியைக் கழுவாமல் இட்டாலும் உடல் தடித்து மூச்சு முட்டும். நமக்கு ஒரு துளி தவறி விழுந்தால் கேடில்லை. அவர்களுக்கு உயிர்க்கேடு வரலாம். கடைக்காரர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணி, “ஒரு சொட்டுதானே” என்பது தவறு.

மதுரையில் ஓர் உயர்தர உணவகத்தில் நேர்ந்ததை இங்கே குறிப்பிடலாம். குளிரூட்டிய கூடம், பட்டியலில் ஏழெட்டு வகைக் காப்பி. பால் வேண்டாம் என்று இருமுறை சொன்னோம். வந்த காப்பி வெளுத்திருந்தது. பணியாளரை அழைத்துக் கேட்டோம். “பால் ஊற்றவேயில்லை ஃபாதர். பவுடர்தான் போட்டேன்” என்றார் அந்தத் தம்பி, முழு நேர்மையுடன். பால் பவுடர் எதிலிருந்து வருகிறதென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். அதை அப்படியே வைத்துவிட்டு வந்தோம். பெரிய நகரங்களில் இப்போது சோயா, ஓட்ஸ், பாதாம் ஆகியவற்றிலிருந்து எடுத்த பாலும் காப்பிக்குக் கிடைக்கிறது. அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் அவற்றுக்குத் தனிக் கட்டணம் வாங்கியதை எதிர்த்துப் பால் ஆகாத பெண்மணிகள் மூவர் 2024 மார்ச்சில் வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு நவம்பரில் அந்நிறுவனம் அக்கட்டணத்தை நீக்கிவிட்டது. நம் கரிசல் சீமைக்கு இவையெல்லாம் வேண்டுவதில்லை. கருப்பட்டி, சுக்கு, மல்லி தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்த காப்பியில் என்றுமே பால் இருந்ததில்லை. ஆயினும் பக்கத்துத் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை, அதுவும் 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரியதை, வாங்கிப் பிறர்க்கு மட்டுமே கொடுக்க வேண்டியிருப்பது சிலுவைதான்.

உணவு ஒவ்வாதாரைத் திருச்சபையும் மறந்துவிடவில்லை. கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் பொருள் ஆகாதவர் உண்டு; அரிசி உண்ணும் நம் பகுதியில் மிகச் சிலரே. அவர்கள் நற்கருணை அப்பத்தை எவ்வாறு உட்கொள்வர்? விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003 ஜூலை 24-ல் விடுத்த மடல், குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தை அனுமதித்தது. அதுவும் ஆகாதவர் இரசத்தின் வடிவில் மட்டும் நற்கருணை பெறலாம் என்றது. பந்திக்கு அழைத்துவிட்டு, “உனக்கு ஆகாவிட்டால் போ” என்று சொல்லவில்லை.

இனி, சொல்லத் தயங்கிய செய்திக்கு வருகிறோம். பாஸ்கா காலத்தில் வீடு மந்திரிக்கச் சென்றோம். கடைத்தெருவை ஒட்டிய வசதியான இல்லமொன்றில் மோர் கொடுத்தார்கள். வெயில் கடுமை, வாங்கி இரண்டு குவளை குடித்தோம். அங்கிருந்து ஊரின் ஓரத்தில் உள்ள தெருவுக்குச் சென்றோம். முதல் வீட்டில் ஒரு மூதாட்டி. மகனும் மருமகளும் ஆலைக்குப் போயிருந்தனர். புதிதாகக் கழுவிய எவர்சில்வர் குவளையில் பால் காப்பியை இரு கையாலும் ஏந்தி நின்றார். நாம் கையெடுத்துக் கும்பிட்டு, “இருக்கட்டும் அம்மா, வேண்டாம்” என்று சொல்லி, தண்ணீர் மந்திரித்துத் தெளித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனோம். அங்கும் அவ்வாறே. காரணம் சொல்லவில்லை. வயிற்றுக் கோளாற்றை வாசலில் நின்று விளம்புவது குருவுக்கு அழகோ என்ற வெட்கம். நேரமாகிறதே என்ற அவசரம்.

மூன்று வாரங்களுக்குப்பின் உபதேசியார் மெல்ல வாய் திறந்தார். “அந்தத் தெருவில் ஒரு பேச்சு, சாமி.” என்ன பேச்சு என்றோம். “பெரிய வீட்டுல மோர் குடிச்ச சாமி, நம்ம வீட்டுக் காப்பியைத் தொடலையே. வேண்டாம்னு சொல்றதுக்கு எல்லாரும் ஒரே சொல்லைத்தான் வச்சிருக்காங்கன்னு அந்த ஆத்தா சொல்லுது.”

அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. ‘இருக்கட்டும்’ என்பது பண்பான சொல் என்றே எண்ணியிருந்தோம். அத்தெருவின் மக்கள் அச்சொல்லை எத்தனை வாசல்களில் கேட்டிருப்பர் என்று எண்ணவில்லை. காப்பி நம் நாட்டில் பரவிய நாளிலிருந்தே அதனுடன் சாதியும் பரவியது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் காப்பிக் கிளப்புகளில் பிராமணருக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டதை ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலுடையார் அறிவர். தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு ஒழித்தபின்னும் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை நெடுங்காலம் நீடித்தது. ஒரு குவளை உள்ளே. மற்றொன்று வெளியே கூரைச் செருகலில். குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். கடைக்காரரை மட்டும் குறைகூற நமக்கு உரிமையில்லை. வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதியைப் பிரித்துச் சுவர் நின்றது. 1910-ல் அதை இடித்ததற்கு வழக்கு உயர்நீதிமன்றம்வரை சென்றது. இந்த வரலாற்றையெல்லாம் கற்றும் கற்பித்தும் வந்த நாம், கையில் ஏந்திய குவளையின் முன் அதை மறந்தோம்.

மறு சனியன்று மாலை, உபதேசியாரையும் உடன் அழைக்காமல், அந்த வீட்டுக்குச் சென்றோம். மூதாட்டி வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து, “தோத்திரம் சாமி” என்றார், முகத்தில் மலர்ச்சியில்லை. திண்ணையில் அமர்ந்தோம். “அம்மா, காப்பி குடிக்கலாம் என்று வந்தேன். வரக்காப்பியாகப் போடுங்கள், பால் வேண்டாம்” என்றோம்.

அவர் சற்றுநேரம் பேசவில்லை. பின்பு, “பால் வாங்கத் துட்டு இருக்கு, சாமி” என்றார்.

அச்சொல் நெஞ்சில் தைத்தது. அப்போதுதான் எல்லாவற்றையும் விளக்கினோம். குருமடத்து வயிற்றிரைச்சல், மருத்துவர் சொன்னது, மோர் மட்டும் எவ்வாறு ஆகிறது என்பது, ஒன்றையும் மறைக்கவில்லை. அன்று வாசலில் காரணம் சொல்லாமற் போனது நம் பிழை என்றும் சொன்னோம். அவர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்புவதா என்று எடைபோட்டார் போலும். அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. கடைசியில், “எங்க மாமியாருக்கும் இப்படித்தான். பால் குடிச்சா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திரும். பேய்ச் சேட்டைன்னு மந்திரிச்சுக் கயிறு கட்டினோம்” என்று சொல்லிச் சிரித்தார்.

கருப்பட்டியை உடைக்கும் ஒலி உள்ளிருந்து கேட்டது. காப்பி வந்தது, அதே எவர்சில்வர் குவளை. சுக்கு தாராளமாக விழுந்திருந்தது, தொண்டை எரிந்தது. “நீங்களும் ஒரு குவளை கொண்டு வாருங்கள்” என்றோம். முதலில் மறுத்து, பின் தமக்கும் ஊற்றிக்கொண்டு வந்து, தரையில் அமரப்போனவரைத் திண்ணையின் மறுமுனையில் அமரச் செய்தோம். அவர் குவளையில் மட்டும் பால் இருந்தது. மருமகள் ஆலையிலிருந்து கைகளெல்லாம் அலுமினியத் தூள் மினுங்க வந்து, இருவரையும் மாறிமாறிப் பார்த்து, ஒன்றும் கேளாமல் கை கழுவப் போனாள்.

இரண்டாம் குவளையை நாம் மறுக்கவில்லை. கருப்பட்டியின் அளவை நம் மருத்துவர் அறிந்தால் வேறொரு நோய்க்கு மருந்தெழுதுவார். எழுந்து விடைபெறும்போது அடுத்த வீட்டு அம்மாள் தம் வாசலில் நின்றார், கையில் ஆவி பறக்கும் குவளையோடு. “எங்க வீட்டுலயும் பால் ஊத்தலை, சாமி” என்றார்.