காகிதப் பூவும் அம்மாவின் ஒடியலும்

படித்தவன் சொல்வதை வீட்டார் நம்புகின்றனர் என்பது பெருமைப்படத்தக்க காரியந்தான். ஆனால், அந்த நம்பிக்கைக்குத் தான் தகுதியுடையவனா என்று படித்தவன் அடிக்கடி தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவும் வேண்டும். இந்த உண்மையை எனக்கு உணர்த்தியது ஒரு நூலன்று. பேரறிஞர் எவருடைய சொற்பொழிவுமன்று. என் கையாலேயே நான் செய்த ஒரு காகிதப் பூ.

கல்லூரியில் விஞ்ஞானங் கற்பிப்பவன் நான். விஞ்ஞானக் கண்காட்சி நெருங்கியபோது, மாணவர்களைக் கொண்டு புதுமையான பொருளொன்று செய்விக்க வேண்டும் என்ற ஆசை எழுந்தது. பார்த்தவர் மனத்தைக் கவரும் அழகும் அதில் இருக்க வேண்டும். பயனும் இருக்க வேண்டும். வானிலை காட்டும் பூவொன்று செய்யலாம் என்று முடிவு செய்தோம்.

இது முற்றிலும் புதிய எண்ணமன்று. 1737 ஆம் ஆண்டில் எலோ என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர், கோபாற்று உப்பினாலான ஒரு மறைமையைப் பற்றி எழுதினார். அதனால் எழுதிய எழுத்துகள் சூடேற்றினால் தோன்றும், ஆறவிட்டால் மறையும். கோபாற்றுக் குளோரைட்டு உலர்ந்திருக்கும்போது நீல நிறமாகவும், நீரை ஏற்றபின் இளஞ்சிவப்பாகவும் இருப்பதே அம்மாயத்துக்குக் காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இவ்வுப்பிலே தோய்த்த காகிதப் பூக்களும் துணிப் பூக்களும் வானிலைப் பூக்கள் என விற்கப்பட்டன. பூ நீலமாயிருந்தால் வெயில்; சிவந்தால் மழை. வீட்டுக் கூடத்திலே வைத்து விருந்தினருக்குக் காட்டி மகிழ்ந்தார்கள்.

நாங்களும் மையொற்றுத் தாளில் இதழ்கள் வெட்டி, கரைசலில் தோய்த்து, விளக்கின் வெப்பத்தில் உலர்த்தினோம். கருங்காக்கணம் பூவைப் போன்ற நீலம் தோன்றியது. மாணவர்கள் கைதட்டினார்கள். அப்பூவை வீட்டுக்குக் கொண்டுவந்து விறாந்தையில் வைத்தேன். சிறிது நேரத்திற்குள் அது சிவந்துவிட்டது. மறுநாளும் சிவப்பு, அதற்கு மறுநாளும் சிவப்பு. முற்றத்திலே கல்லும் காயும் வெயில் எறிந்துகொண்டிருந்தது. பூவோ அசையவில்லை.

என் தாயார் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உன்ரை பூவுக்கு எந்த நாளும் மழைதானோ, தம்பி?"

காரணத்தை ஆராய்ந்தேன். வளியானது தனது வெப்பநிலையில் எவ்வளவு நீராவியைத் தாங்கவல்லதோ, அதில் எத்தனை பங்கைத் தாங்கி நிற்கிறது என்பதையே சாரீரப்பதன் என்கிறோம். அந்த உப்பின் நிறம் சாரீரப்பதன் ஏறத்தாழ நூற்றுக்கு 40 ஆகும் அளவிலே மாறுகிறது. குளிர்காலத்தில் கணப்பு மூட்டிய ஐரோப்பிய அறையில் வளி அந்த அளவுக்கு உலர்வது வழக்கம். கடலால் மூன்று புறமும் சூழப்பட்ட யாழ்ப்பாணத்தில், நல்ல வெயில் நாளிலும் வளி அவ்வளவு உலர்வது மிக அரிது. பூவில் பிழையில்லை, வேற்றூர்க் காற்றுக்கு அமைந்த பூவை நம் ஊர்க் காற்றில் வைத்த என்னிடமே பிழை. அன்றியும், கோபாற்றுக் குளோரைட்டு உடலுக்குத் தீங்கானது. 2008 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் அதை மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலிற் சேர்த்தது. சிறுவர் கையிற் கொடுக்கத் தகாத அப்பொருளைக் கைவிட்டோம்.

இனி நிறத்தை நம்பாமல் அசைவை நம்புவோம் என்று எண்ணினேன். பூக்கள் காலத்தையும் காற்றையும் அறிந்து விரிவதும் குவிவதும் மனிதர் நெடுங்காலமாகக் கண்டதே. சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் லின்னேயசு 1751 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், விரிந்து குவியும் பூக்களை மூன்று வகையாகப் பிரித்தார். அவற்றுள் ஒருவகை, வானிலைக்கேற்பத் தன் நேரத்தை மாற்றிக்கொள்வது. அவருக்கும் முன்னரே, 1665 ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் றொபேட் ஊக்கு காட்டு ஓற்சுப் பயிரின் கூரைக் கொண்டு ஈரங்காட்டும் கருவியொன்று அமைத்தார். அந்தக் கூர் ஈரத்தில் முறுக்கவிழும், உலர்ந்தால் முறுக்கேறும். அதன் நுனியில் இணைத்த முள் அதற்கேற்பச் சுழலும். செத்த புல்லின் கூர் அது. ஆகவே, இவ்வசைவுக்கு உயிர் வேண்டியதில்லை; அமைப்பே போதும்.

மலைநாட்டிலிருந்து வரும் நண்பரொருவர் பைன் மரக் காய்கள் சிலவற்றை முன்பு எனக்குத் தந்திருந்தார். அவற்றில் ஒன்றை நீரில் இட்டேன். விரிந்திருந்த செதில்கள் மெல்ல மெல்ல மூடிக்கொண்டன. வெயிலில் வைத்ததும் மீண்டும் விரிந்தன. ஒவ்வொரு செதிலிலும் இரண்டு படைகள் உள. வெளிப்புறப் படை ஈரத்தில் மிகுதியாக நீளும். உட்புறப் படை அவ்வளவு நீளாது. நீளும் பக்கம் வெளியே இருப்பதால் செதில் உள்நோக்கி வளைகிறது. ஈரமான நாளில் விதையைச் சிந்தாமல் காத்து, காற்றில் பறக்கத்தக்க உலர்ந்த நாளில் அதை வெளியே விடுவதற்கு அம்மரம் கண்ட வழி இது. 2012 ஆம் ஆண்டில் செருமனியக் கட்டடக்கலைஞர் அகிம் மெங்கசு, இதே தத்துவத்தைக் கொண்டு மெல்லிய மரத்தகடுகளால் ஆகிய ஓர் அமைப்பைப் பாரிசு நகரத்துப் பொம்பிடு நிலையத்தில் வைத்தார். மின்பொறி எதுவுமின்றி, காற்றின் ஈரத்துக்கேற்ப அது தானே திறந்து மூடியது.

எங்களுக்கு மரத்தகடு வேண்டியிருக்கவில்லை. படம் படியெடுக்கும் மெல்லிய ஒளிகசிதாளும் சாதாரண ஒட்டுநாடாவும் போதுமாயிருந்தன. தாளின் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்தால் அது குழல்போலச் சுருளும். அக்குழல் நீண்டு கிடக்கும் திசையே தாளின் நார்கள் கிடக்கும் திசை. நார்களுக்குக் குறுக்காகவே தாள் ஈரத்தில் அதிகமாக விரிவதால், இதழின் நீளத்தை அந்தக் குறுக்குத் திசையில் வெட்டினோம். ஒவ்வோர் இதழும் 6 சதமமீற்றர் நீளம். உட்புறத்தில் ஒட்டுநாடாவும் வெளிப்புறத்தில் தாளும் அமையும்படி ஒட்டி, ஆறு இதழ்களை ஓர் ஈர்க்கின் நுனியிலே கட்டினோம். ஈரம் மிகுந்தால் தாள் நீளும், நாடா நீளாது, பூ குவியும். காற்று உலர்ந்தால் தாள் சுருங்கும், பூ விரியும்.

பூவின் பின்னே அரைவட்டமான அட்டையொன்றை நிறுத்தி அளவு குறிக்க முயன்றோம். அதற்கும் எளிய வழியுண்டு. மூடிய கண்ணாடிப் போத்தலினுள்ளே, முற்றாகக் கரையாதபடி நிறையக் கறியுப்பை இட்டுச் சிறிது நீர் சேர்த்து வைத்தால், அப்போத்தலின் உள்ளே சாரீரப்பதன் நூற்றுக்கு 75 அளவில் நிலைத்து நிற்கும். பூவை அதனுள் ஓரிரவு விட்டு, இதழ் நுனி நின்ற இடத்தில் சிவப்புக் கோடு ஒன்று வரைந்தோம்.

மாணவர்கள் மூன்று வாரம் பூவின் நிலையைக் குறித்துவந்தனர். மழையே இல்லாத நாட்களிலும் விடியற்காலையில் பூ குவிந்திருந்தது, முற்பகலில் விரிந்தது. இரவில் வளி குளிர்கிறது. குளிர்ந்த வளி தாங்கவல்ல நீராவி குறைவு. ஆதலால், நீராவி கூடாமலே சாரீரப்பதன் கூடுகிறது. விடியுமுன் பூப்பறிக்க எழும் என் தாயார் இதை எங்களுக்கு முன்னரே கண்டிருந்தார். "இது நித்திரை கொள்ளுற பூ" என்றார். கண்காட்சியில் பலரும் அதைப் பாராட்டினர். அதன்பின் அது எங்கள் வீட்டு விறாந்தையிற் குடியேறியது.

மாசி மாதம். எங்கள் வீட்டில் ஒடியல் காயவைக்கும் காலம். கனடாவில் வாழும் என் தங்கைக்கு ஆண்டுதோறும் ஒடியலும் புழுக்கொடியலும் அனுப்புவது அம்மாவின் வழக்கம். பனங்கிழங்கைக் கிண்டுவிப்பது, தோலுரிப்பது, கிழிப்பது, காயவைப்பது எல்லாம் தம் கையாலேயே செய்வார். எழுபது வயதைத் தாண்டியவர் வெயிலிலே குந்தியிருந்து செய்யும் வேலை அது.

அன்று காலை ஒன்பது மணிக்கு நான் கல்லூரிக்குப் புறப்படுகையில் அம்மா முற்றத்தில் நின்று கிழக்கே பார்த்தார்.

"எறும்பு முட்டையோடை சுவரேறுது. கடற்பக்கமும் கருக்கலாக் கிடக்கு. பூ என்ன சொல்லுது, தம்பி?"

பூ முழுவதும் விரிந்திருந்தது. "பயமில்லை அம்மா, நல்லாய் விரிஞ்சிருக்கு. போடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மதியம் கடலிலிருந்து வந்த முகிலொன்று அரைமணி நேரம் பொழிந்தது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். நான் வந்து பார்த்தபோது இரண்டு பாய் ஒடியலும் நனைந்து கிடந்தன. மீண்டும் உலர்த்தினோம், ஆயினும் பாதிக்கு மேல் கறுத்துப் பூஞ்சணம் பிடித்து, எருக்குழிக்குப் போயிற்று. அம்மா என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானாகக் கேட்டபோது மாத்திரம், "வானத்தைப் பாக்க எனக்கு மனம் வரேல்லைத்தான். நீ படிச்சனி, உனக்குத் தெரியும் எண்டு போட்டிட்டன்" என்றார். கடிந்திருந்தால் எனக்கு அவ்வளவு வருத்தம் உண்டாகியிராது.

பூ பொய் சொல்லவில்லை. தன்னைச் சுற்றிய ஒரு முழ வட்டத்துக் காற்று அந்த வேளையில் உலர்ந்திருக்கிறது என்று அது சொன்னது, அது உண்மை. நாலு மணி நேரங் கழித்துக் கடல்மேல் என்ன நிகழும் என்று அது சொல்லவில்லை. அதைச் சொன்னவன் நான். வளிமண்டலவியல் திணைக்களத்தார் பல இடங்களில் அமுக்கத்தையும் காற்றையும் வெப்பத்தையும் அளந்து, செய்மதிப் படங்களையும் வைத்து ஆராய்ந்த பின்னரும், மழைக்கு வாய்ப்புண்டு என்று அளந்தே பேசுகின்றனர். நானோ ஆறு காகித இதழ்களை நம்பி, பயமில்லை என்றேன். அம்மாவின் கண்கள் அன்று பூவைவிடத் தூரம் பார்த்தன. அவற்றை நான் மூடிவிட்டேன்.

மறுநாள், மாணவர்களைக் கொண்டு அட்டையின் கீழே ஒரு வரி எழுதுவித்தேன்: "இது இவ்விடத்தில் இப்பொழுதுள்ள ஈரத்தை மட்டும் காட்டும்."

அம்மாவிடம் இதை விளக்கிச் சொன்னேன். சற்று நேரம் யோசித்தார்.

"கிட்டத்திலை இருக்கிறதைத்தான் சொல்லுமெண்டால், அதைப் போத்தலுக்குள்ளை வைச்சுப் பாப்பமே?"

எனக்கு வியப்பாயிருந்தது. இத்தனை நாளாக எனக்குத் தோன்றாத பயன் அது. உள்ளே ஈரம் எஞ்சிய ஒடியலை மூடிவைத்தால், அவ்வீரம் வெளியேறிப் போத்தலின் காற்றை நனைக்கும். சாரீரப்பதன் நூற்றுக்கு 65, 70 என ஏறும்போதே உலர்ந்த பண்டங்களிற் பூஞ்சணம் முளைக்கத் தொடங்கும். சிறிய பூவொன்று செய்து, உப்புப் போத்தலில் வைத்து அதற்கும் சிவப்புக் கோடு வரைந்து, ஒடியற் போத்தலின் மூடியில் தொங்கவிட்டோம். விடிந்து பார்க்கையில் பூ சிவப்புக் கோட்டையும் தாண்டிக் குவிந்திருந்தது. கையால் முறித்துப் பார்த்துக் காய்ந்தது என்று அம்மாவே தீர்மானித்த ஒடியல் அது! இன்னும் இரண்டு நாள் வெயிலில் இட்டோம். பிறகு மூடியபோது பூ விரிந்தபடியே நின்றது.

அந்தப் போத்தல் பூவோடு ரொறன்ரோவுக்குச் சென்றது. ஒடியல் பழுதின்றி வந்ததென்று தங்கை தொலைபேசியில் மகிழ்ந்தாள். ஆனால், பூவை எடுத்துச் சன்னலோரம் வைத்தாளாம். அங்கே இன்னும் குளிர் நீங்கவில்லை. வீட்டுக்குள் இரவும் பகலும் சூடேற்றும் பொறி இயங்குகிறது. "அண்ணை, பூ பின்பக்கமாய் வளையிற அளவுக்கு விரிஞ்சுபோச்சு. இரவிலும் குவியுதில்லை" என்றாள்.

அம்மா தொலைபேசியைக் கையில் வைத்தபடி சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அவ்வளவு காய்ஞ்ச வீட்டுக்குள்ளையோ பிள்ளை இருக்கிறாய்? ஒரு சட்டியிலை தண்ணி வைச்சுக்கொள்" என்றார்.

வானிலையைச் சொல்லுமென்று நான் செய்த பூ அதைச் சொல்லவில்லை. கடல்களுக்கப்பால் தன் மகள் சுவாசிக்கும் காற்று எப்படிப்பட்டது என்பதை மாத்திரம், உள்ளபடியே, ஒரு தாய்க்குச் சொல்லிற்று. இப்பொழுது முற்றத்தில் ஏதேனும் காயவைக்கும் முன்னர் நான் பூவைப் பார்ப்பதில்லை. அம்மாவைக் கேட்கிறேன். அவர் கிழக்கே பார்க்கிறார்.