பேரில்லாத ஆச்சி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளுக்குப் போயிருக்கீங்களா? எனாமல் தூக்குவாளி, மரப்பெட்டி, கதவு நிலைன்னு வீட்டையே பிரிச்சு வச்சிருப்பாங்க. சுவரோரமா பழைய ஸ்டுடியோ போட்டோக்கள் கிடக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப ஒண்ணை எடுத்துப் பார்த்தேன்.

ஒரு ஆச்சி. பின்னால தூணும் திரையும் வரைஞ்ச துணி. ஒரு கை டீப்பாய் மேல. காதுல வைரத்தோடு. முகத்துல சிரிப்பே இல்ல (அந்தக் கால கேமராவுக்கு ஆடாம அசையாம நிக்கணும், சிரிப்பை எவ்வளவு நேரம்தான் புடிச்சு வைக்கிறது!). அட்டைக்குக் கீழ ஸ்டுடியோ பேரு அழகா அச்சாகியிருக்கு. ஆச்சி பேரு? திருப்பிப் பார்த்தேன். ஒண்ணுமில்ல.

"பர்மா தேக்கு பிரேம் தம்பி"ன்னார் கடைக்காரர். விலை பிரேமுக்குத்தான். ஆச்சி இலவச இணைப்பு :-(

செட்டிநாட்டு ஆம்பளைங்க பர்மா, மலேயா, சிலோன்னு கொண்டுவிக்கப் போனாங்க. ஏஜெண்டுன்னா மூணு வருஷத் தவணை. பொம்பளைங்க பெரும்பாலும் ஊர்லயேதான். அதே காலத்துல ஸ்வீடன்லேர்ந்து 10 லட்சத்துக்கும் மேல அமெரிக்கா போனாங்க. அங்க, போன பொண்ணு படம் எடுத்து ஊருக்கு அனுப்பினா. இங்க போகாதவளோட படம் கப்பலேறுச்சு.

பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தோட உதவியில பழைய தமிழ் ஸ்டுடியோ படங்களை டிஜிட்டல் பண்ணியிருக்காங்க. அருமையான வேலை. ஆனா ஸ்கேனருக்குப் படம்தான் தெரியும், பேரு தெரியாது. நான் பொட்டி தட்டுறவன், இதையாவது நம்புங்க.

அன்னிக்கு சாயங்காலமே அப்பத்தாவோட டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அதே மாதிரி ஒரு ஆச்சி, மடியில ஒரு குழந்தை.

"எங்காத்தா. அப்பச்சி ரங்கூன்ல இருந்தாக. புள்ளைய பாக்கணும்னு கடுதாசி போட்டாகளாம். ரெண்டு காப்பி எடுத்து ஒண்ணை அனுப்புனாக. 1942-ல ஜப்பான்காரன் வரவும் அப்பச்சி கையை வீசிக்கிட்டு ஓடியாந்தாக. அந்தக் காப்பி அங்கயே போச்சு."

"குழந்தை முகம் மட்டும் ஏன் அப்பத்தா கலங்கியிருக்கு?"

"ஆடிருச்சு. நாந்தேன் அது."

அப்பத்தாவுக்கு 85. அவங்க சொல்லச் சொல்ல, பின்பக்க ஓரத்துல ரெண்டு பேரையும் ஊரையும் எழுதினேன்.

உங்க வீட்டுப் பரண்லயும் இருக்கும் மக்களே. சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதிடுங்க. பேனா வேணாம், மை ஊறிடும். பென்சில்ல, அழுத்தாம.