அம்மா சொன்னபோதே மாற்றியிருக்கலாம்

எங்கள் இரண்டு ஏக்கர் தென்னையில் சொட்டுநீர் போட்டுப் பத்து வருஷமாகிறது. நான்கு பகுதி, நான்கு பி.வி.சி வால்வு. இரவில் மும்முனை மின்சாரம் வந்தால், டார்ச் எடுத்துக்கொண்டு போய் வால்வு மாற்றுவது அம்மாதான்.

போர் தண்ணீரில் உப்பு அதிகம். அது படிந்து வால்வுகள் இறுகிவிட்டன. "திருப்பவே முடியலப்பா" என்று அம்மா சொல்லும்போதெல்லாம், "தேங்காய் வெட்டு முடியட்டும்மா" என்பேன். இப்படியே இரண்டு வெட்டு போனது.

ஒருநாள் இரவு, கைப்பிடியில் கம்பியைக் கொடுத்து நெம்பியிருக்கிறார். வால்வு உடைந்து, பீறிட்ட தண்ணீரில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டில் மாவுக்கட்டு.

மறுவாரமே நான்கையும் யூனியன் வால்வாக மாற்றினேன். பழைய வால்வைக் கழற்ற பைப்பை வெட்ட வேண்டும். இதில் இருபுறமும் மரை இருப்பதால், மோட்டாரை நிறுத்திவிட்டுக் கையாலேயே கழற்றிக் கழுவி மாட்டலாம். குனிய வேண்டாமென்று முழங்கால் உயரத்துக்கு ஏற்றி வைத்தேன். பசை ஒட்டி, ஒருநாள் முழுக்கக் காயவிட்ட பிறகே மோட்டார் போட்டோம்.

இன்னொன்றும் கவனியுங்கள். அடுத்த வால்வைத் திறந்த பிறகுதான் ஓடுகிற வால்வை மெதுவாக மூட வேண்டும். முதலிலேயே மூடினால் அழுத்தம் ஏறி, பைப் இணைப்பு விட்டுப்போகும்.

கட்டுப் பிரித்த அன்று சாயங்காலம் அம்மா தோட்டத்துக்கு வந்தார். ஒரு வால்வை லேசாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா வேலை?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை.